ஊரடங்கில் கடைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போகலாம்? எல்லையோரப் பலசரக்குக் கடைக்காரனின் பதில்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கத்தில், பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு கேரளத்துடையது, வீட்டில் பேசுவது தமிழ். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு நான் அண்ணா, மீதிப் பேருக்குச் சேட்டா. 2020 மார்ச்சில் தொடங்கிய கோவிட் ஊரடங்கையும் 2021 மே மாதத்து ஊரடங்கையும் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தவன். 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்து சில வார்டுகளை அடைத்தபோது, பழைய கேள்விகளையே மறுபடியும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. நோயைப் பற்றி இங்கே இருப்பது அன்று சுகாதாரத் துறையும் ஆய்வாளர்களும் வெளியிட்டவை. மற்றதெல்லாம் தராசுக்குப் பக்கத்தில் நின்று கற்றது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நான்கு பேர் உள்ள வீடு, ஃப்ரிட்ஜ் இருக்கிறது, மாதச் சம்பளம் வருகிறது என்றால் பத்து நாளுக்கு ஒருமுறை. ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் வாரம் ஒருமுறை. தினக்கூலி வீடு என்றால் கேள்வியே வேறு, அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

அரிசி தீர்ந்துவிட்டது என்று ஊரடங்கில் ஓடிவந்தவர்கள் மிகக் குறைவு. தக்காளி, பால், தோசை மாவு, கையில் இருக்கும் காசு, இவைதான் ஆட்களைக் கடைக்கு இழுத்துவந்தன.

பத்து நாள் என்பது யார் வைத்த கணக்கு?

எந்த அரசாணையிலும் இல்லை. கோவிட் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆகும் என்று 2020 தொடக்கத்திலேயே கணக்கிட்டிருந்தார்கள். அறிகுறி வருபவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பதினொன்றரை நாளுக்குள் அது வந்துவிடும். தனிமைப்படுத்தலுக்கு 14 நாள் வைத்ததன் அடிப்படையும் இதுதான்.

இதைக் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். திங்கட்கிழமை ஒருவருக்கு என் கடையில் தொற்றுகிறது என்று வையுங்கள். காய்ச்சல் சனிக்கிழமை வாக்கில்தான் தெரியும். ஆனால் அறிகுறிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, அதாவது வியாழன் முதலே, அவரிடமிருந்து பிறருக்குப் பரவலாம். தினமும் வருகிற ஆள் என்றால் வியாழனும் வெள்ளியும் ஒன்றும் அறியாமல் என் கல்லாவுக்கு முன்னால் நின்று பெருங்காயம் கேட்டுக்கொண்டிருப்பார். பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறவர் என்றால் அந்த இரண்டு நாளும் வீட்டில் இருப்பார். காய்ச்சல் கண்டபின் அடுத்த முறை வரவும் மாட்டார். அறிகுறியே காட்டாமல் வந்துபோகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பயன்படாது. முகக்கவசம் அதற்காகத்தான்.

தினமும் போய் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டு வந்தால் கூட்டம் குறையாதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கடையை நம்பி இருநூறு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் அப்போது கடை நேரம் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மொத்தம் 600 நிமிடம். இருநூறு வீட்டுக்காரர்களும் தினமும் வந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் எடுத்தால் 1,000 நிமிடம் வேண்டும். இல்லாத 400 நிமிடத்துக்கு எங்கே போவது? அதுதான் வாசலில் வரிசையாக நிற்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு இருபது பேர். பெரிய லிஸ்ட், ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகட்டும். 300 நிமிடம்தான். மீதிப் பாதி நாள் கடை காலியாக இருக்கும்.

வரிசை என்றதும் வட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. ஆளுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, சுண்ணாம்புப் பொடியால் வாசலில் ஏழு வட்டம் போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் ஏழு வட்டத்திலும் ஆள் இல்லை. ஒன்றில் மஞ்சள் பை, ஒன்றில் ஒற்றைச் செருப்பு, ஒன்றில் எண்ணெய்த் தூக்கு, ஒன்றில் ஒரு செங்கல். அவற்றின் உரிமையாளர்கள் ஏழு பேரும் எதிரே வேப்பமர நிழலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நோய் எப்படிப் பரவுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பைகளுக்கு இடையில் மட்டும் சமூக இடைவெளி இருந்தது. வெயில் நாட்டில் வட்டத்தை வெயிலில் போட்டது என் தப்பு. அடுத்த நாள் வட்டங்களை மரத்தடிக்கு மாற்றினேன், ஆட்கள் நின்றார்கள்.

எந்த நேரத்தில் வருவது நல்லது?

பிற்பகல் இரண்டு முதல் நான்கு. ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு வெயிலில் அந்த நேரம் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வராதீர்கள், ஊரே அப்போதுதான் வரும்.

நேரத்தைவிட நாள் முக்கியம். புதிய கட்டுப்பாடு அறிவித்த அன்று மாலையும் முழு அடைப்புக்கு முந்தைய நாளும் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கோயம்புத்தூரில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்றார்கள், 25 அன்று கடைகளில் நிற்க இடமில்லை. கேரளத்தில் அந்த ஆண்டு மே 10 முதல் ஞாயிறுதோறும் முழு அடைப்பு என்றதும், சனிக்கிழமை மாலை திருவிழாக் கூட்டம். ஒரு நாள் அடைப்பைத் தாங்க முடியாத வீடு உண்டா? இருந்தும் வந்தார்கள். வீட்டில் எப்போதும் நான்கு நாள் பொருள் கூடுதலாக இருந்தால் அறிவிப்பைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை.

பத்து நாளுக்கு என்னென்ன, எவ்வளவு வாங்க வேண்டும்?

ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு உண்பதில்லை. ஆனாலும் நாலு பேருக்கு நான் கட்டிக் கொடுத்த பொட்டலங்களிலிருந்து ஒரு தோராயம் சொல்கிறேன். மூன்று வேளையும் அரிசி உணவு என்றால் நாளைக்கு ஒன்றேகால் கிலோ, பத்து நாளைக்குப் பன்னிரண்டரை. அதில் இட்லி அரிசியைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ, உளுந்து முக்கால் கிலோ, பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் அரை அரை கிலோ. எண்ணெய் முக்கால் லிட்டர் போதும். அப்பளம் பொரிக்கும் வீடு ஒரு லிட்டர் வாங்கும். டீத்தூள் 200 கிராம், சர்க்கரை ஒரு கிலோ. உப்பு, புளி, கடுகு, மஞ்சள், பெருங்காயம் ஆகியவற்றை மாதத்துக்கு ஒருமுறை வாங்கிவிடுங்கள். கடுகுக்காக மட்டும் கடைக்கு வந்தவர்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

முட்டை முப்பது கொண்ட ஒரு அட்டை. காய்கறி குறையும் கடைசி மூன்று நாட்களை முட்டையும் பயறும்தான் ஓட்டும்.

மறப்பவை எப்போதும் ஒன்றே: தீப்பெட்டி, துணி சோப்பு, கொசுவத்தி, கைக்குழந்தை வீட்டில் பால்பொடி, பெண்களுக்கு நாப்கின். இதைக் கேட்க ஆண்கள் கூச்சப்பட்டு, லிஸ்டில் எழுதாமல், பிறகு மனைவியைத் தனியாக அனுப்பினார்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பயணம். எழுதிவிடுங்கள், நான் பேப்பரில் சுற்றிக்கூடக் கொடுக்காமல் மற்றப் பொருட்களோடு சேர்த்துத்தான் கட்டுவேன்.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். அது என் கடையில் கிடையாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

காய்கறி பத்து நாள் தாங்குமா?

தாங்கும், வரிசை தெரிந்து சமைத்தால். வாங்கிய அன்றும் மறுநாளும் கீரை, கொத்தமல்லி, முருங்கைக்கீரை. மூன்றாம் நாளிலிருந்து வெண்டை, புடலை, பீர்க்கன், பாகல், கத்தரி. ஆறாம் நாள் வாக்கில் முட்டைக்கோஸ், பீட்ரூட், காரட், கொத்தவரை. கடைசிக்கு உருளை, சேனை, சேம்பு, பூசணி. முதல் நாளே உருளைக்கிழங்கு வறுவல் செய்கிற வீடுதான் ஐந்தாம் நாள் வாடிய வெண்டைக்காயை வீசிவிட்டு என்னிடம் வந்து நிற்கும்.

தக்காளியைச் செங்காயாகப் பாதி, பழமாகப் பாதி வாங்குங்கள். செங்காயைக் காம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் தாம்பாளத்தில் பரப்புங்கள். தீர்ந்துபோனால் புளியும் மாங்காயும் இருக்கின்றன. இரண்டு முறையும் ஊரடங்கு வந்தது மாங்காய் காலத்தில்தான். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை முளைவிடும். சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் பரப்பி வைக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் முடிந்துவைத்தால் நான்கு நாளில் நாறும். வெட்டாத சாம்பல் பூசணி மூலையில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெட்டினால் நாலு நாள். ஆகவே பூசணியை மட்டும் பக்கத்து வீட்டோடு பாதி பாதி பங்கு போடுவது புத்திசாலித்தனம்.

எங்கள் பக்கம் மழை மறைவுப் பகுதி, கேரளத்தின் மற்ற இடங்களைப் போல எப்போதும் பச்சையாக இருக்காது. இருந்தாலும் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு வாழை இல்லாத வீடு குறைவு. 2020 ஏப்ரலில் பலாவும் கை கொடுத்தது. பலாக்காய்த் துவட்டல், பலாச்சுளை, பிறகு பலாக்கொட்டை. கேரளம் முழுக்க அந்த மாதம் பலாக்கொட்டையில் ஷேக் போட்டுக் குடித்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு நாள் போட்டார்கள். சாம்பாரில் போட்டதே மேல்.

பாலும் மாவும் தினமும் வேண்டுமே?

பாலுக்காகக் கடைக்கு வராதீர்கள். இங்கே பால் சங்கம் இல்லாத ஊர் அரிது, மாடு வைத்திருப்பவர் நாலு வீடு தள்ளி இருப்பார். வாசல் கதவில் தூக்கை மாட்டிவையுங்கள், ஊற்றிவிட்டுப் போவார். காசு மாதக் கடைசியில். ஊரடங்கின் முதல் வாரத்தில் பாலுக்குத் தட்டுப்பாடு வரும் என்று எல்லோரும் பயந்தார்கள், நடந்தது நேர்மாறு. டீக்கடைகளும் ஓட்டல்களும் மூடியதால் பால் மிஞ்சிப்போய், 2020 ஏப்ரல் 1 அன்று மலபார்ப் பகுதியில் கேரளக் கூட்டுறவுப் பால் நிறுவனமான மில்மா கொள்முதலையே நிறுத்த வேண்டிவந்தது. பிறகு மிச்சப் பாலை எல்லை தாண்டி ஈரோட்டுக்கு அனுப்பிப் பொடியாக்க ஏற்பாடு செய்தார்கள். ஆட்கள் தாண்ட முடியாத வாளையார் எல்லைச் சாவடியைப் பால் வண்டி தாண்டியது.

மாவுப் பாக்கெட் வாங்கும் வழக்கத்தை ஊரடங்கு முடியும்வரை நிறுத்திவிடுங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், வாரம் இருமுறை அரைத்தால் போதும். கிரைண்டர் இல்லாதவர்களுக்கு எங்கள் தெருவில் ஒரு அக்கா எல்லோருக்குமாக ஆட்டிக் கொடுத்தார். வாசல் திண்ணையில் ஊறவைத்த அரிசிப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும், சாயங்காலம் அதே இடத்தில் மாவு இருக்கும்.

லிஸ்டை வாட்சாப்பில் அனுப்பலாமா?

தாராளமாக. ஆனால் எங்கள் ஊரில் அதில் ஒரு வில்லங்கம் உண்டு, எல்லை ஊர்களில் மட்டும் வரும் வில்லங்கம். முளகு 200 என்று ஒரு லிஸ்ட் வந்தது. தமிழ்க்காரர் மிளகைத் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, என் பையன் இருநூறு கிராம் மிளகைக் கட்டி அனுப்பிவிட்டான். மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். மிளகு வேண்டுமென்றால் குருமுளகு என்பார்கள். விலை வித்தியாசத்தைப் பார்த்து அந்த வீட்டு அம்மா அரை மணி நேரத்தில் நேரிலேயே வந்துவிட்டார்.

கடலை இன்னொன்று. மலையாள வீட்டில் கடல என்றால் புட்டுக்குக் குழம்பு வைக்கும் கறுப்புக் கொண்டைக்கடலை. தமிழ் வீட்டில் கடலை என்றால் நிலக்கடலை. உள்ளி என்று எழுதினால் இங்கே வெங்காயம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்கு உள்ளி என்றால் பூண்டு. பெரிய வெங்காயத்தைச் சவாளா என்பவர் உண்டு, பல்லாரி என்பவரும் உண்டு. பருப்பு என்று மட்டும் எழுதினால் எந்தப் பருப்பு? பயறு என்றால் சிறுபயறா, வன்பயறா? ஒரு சொல் பிசகினால் ஒரு பயணம் கூடுகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே பொருள், அளவு, இல்லையென்றால் பதிலுக்கு என்ன, மூன்றையும் எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பாதீர்கள். நான்கு நிமிடப் பதிவில் மூன்று நிமிடம் உடம்பு நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சீரகம் சொல்வார்கள்.

ரேஷன் வாங்கப் போவதும் இந்தக் கணக்கில் சேருமா?

சேரும், அதுவும் வரிசைதானே. ஆனால் அந்தப் பயணத்தைத் தவறவிடக் கூடாது. 2020 ஏப்ரலில் கேரளத்தில் கார்டு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்தார்கள். 0, 1 இல் முடிந்தால் ஏப்ரல் 1, அடுத்த இரண்டு இலக்கம் ஏப்ரல் 2 என்று ஐந்து நாள். முன்னுரிமை வீடுகளின் மஞ்சள், பிங்க் கார்டுகள் காலையில், மற்றவர்களின் நீலமும் வெள்ளையும் பிற்பகலில். மஞ்சள் கார்டுக்கு 35 கிலோ தானியம், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 15 கிலோ அரிசி இலவசம். பின்னாலேயே 17 பொருட்கள் கொண்ட கிட் வந்தது. உளுந்து, பயறு, ரவை, தேங்காய் எண்ணெய், சோப்புவரை அதில் இருந்தன.

கிட் வாங்கிய பிறகு என் கடை லிஸ்டை எழுதுங்கள். பலர் முதலில் என்னிடம் எல்லாம் வாங்கிவிட்டு மறுநாள் கிட்டையும் வாங்கி, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ரவையை வைத்துக்கொண்டு உப்புமா தின்றார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவு. போய்வரலாமா?

சாதாரணக் காலத்தில் நானே போவேன். பொள்ளாச்சிச் சந்தையும் கோயம்புத்தூரும் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஊரடங்கில் வேண்டாம். முதலில் நேரமே ஒத்துவராது. 2020 ஏப்ரல் 5 முதல் தமிழ்நாட்டில் கடைகள் மதியம் 1 மணிக்கு மூடின, இங்கே 5 மணி. அடுத்தது பாஸ். மே மாதம் வெளிமாநிலத்திலிருந்து பதிவு செய்து திரும்பியவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் வைத்த வழி வாளையார்தான். அப்படி வந்தால் 14 நாள் தனிமை. இரண்டு ரூபாய் மலிவான தக்காளிக்கு இரண்டு வாரம் அறைக்குள் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று. சந்தை பெரிதாக ஆக, வந்துபோகும் ஊர்களும் பெருகும். சென்னைக் கோயம்பேட்டில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். மே 5 அன்று அதை மூடித் திருமழிசைக்கு மாற்றுவதற்குள் பல மாவட்டங்களுக்கு அங்கிருந்து தொற்று போய்விட்டது. காய்கறி லாரி எல்லை தாண்டி வரட்டும், நீங்கள் தாண்ட வேண்டாம். எங்கள் பக்கம் விளைவதே வேலந்தாவளம் சந்தைக்கு வருகிறது.

தினக்கூலிக்காரர்கள் எப்படிப் பத்து நாளுக்கு வாங்குவது?

வாங்க முடியாது. இந்தக் கேள்விக்குத்தான் நான் முதலில் தப்பான பதில் சொன்னேன்.

தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கிக் கீற்று முடையும் ஒரு பெண்மணி தினமும் மாலை நாலரைக்கு வருவார். பத்து ரூபாய்க்கு டீத்தூள், கால் கிலோ சர்க்கரை, ஐம்பது எண்ணெய். எண்ணெய்க்குச் சின்னக் கண்ணாடிப் புட்டி, கழுத்தில் கயிறு கட்டியிருக்கும். நாலாம் நாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்: “அக்கா, தினமும் வராதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? வாரத்துக்கு ஒரேயடியாக வாங்கிப்போனால் என்ன?” அவர் கோபப்படவில்லை. புட்டியை மேசைமேல் வைத்து, “வாரத்துக்கு ஒரேயடியாகக் கூலி கொடுப்பார்களா, தம்பி?” என்றார். பின்னால் வரிசையில் நின்ற மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

அன்று இரவு பற்று நோட்டை எடுத்தேன். ஊரடங்கு தொடங்கியதும் கடன் கிடையாது என்று அட்டை எழுதி மாட்டியிருந்தேன், சரக்குக்கு நான் முன்பணம் கட்ட வேண்டியிருந்ததால். அட்டையைக் கழற்றினேன். தினமும் வருகிற பதினாறு வீடுகளுக்கு ஒரு வாரச் சாமானை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காசை அவர்கள் கிடைக்கிற அன்று கொடுக்கலாம் என்று வைத்தேன். நேரில் வந்து கொடுக்க வேண்டாம், அந்த வழியாகப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும். பதினாறில் பதினான்கு வீடு முழுதும் தீர்த்தது. ஒன்று பாதி. ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். இருநூறு ரூபாய் சொச்சம், போகட்டும்.

எல்லாக் கடைக்காரராலும் இது முடியாது, எனக்கும் மூன்றாவது மாதம் மூச்சு முட்டியது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்கிறேன். உங்கள் தெருவில் தினமும் கடைக்குப் போகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பத்து நாளைக்கு வாங்கும்போது அவருக்கும் மூன்று நாளைக்குச் சேர்த்து வாங்கி, காசை அவர் வசதிப்படி வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்கவே வழியில்லாதவர்களுக்கு 2020இல் பஞ்சாயத்தும் பெண்கள் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயும் சமூக அடுக்களை நடத்தின. இருபது ரூபாய்க்குச் சோறு, இல்லாதவர்களுக்கு இலவசம். அப்படி ஒன்று நடந்தால் கேட்க வெட்கப்பட வேண்டாம், வார்டு மெம்பரிடம் ஒரு வார்த்தை போதும்.

வீட்டிலிருந்து யார் போவது?

ஒரே ஆள், ஒவ்வொரு முறையும் அதே ஆள். அறுபது தாண்டியவர்களும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் வேண்டாம். இவர்களை வெளியே விடாமல் பாதுகாப்பதைக் கேரளத்தில் ரிவர்ஸ் க்வாரன்டைன் என்றார்கள். பெரியவர்கள் அதை வீட்டுச் சிறை என்றார்கள். ஒரு தாத்தா, பேரன் வாங்கிவந்த கத்தரிக்காய் முற்றல் என்று காரணம் காட்டி, மறுவாரம் தானே கிளம்பி வந்துவிட்டார். கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்கும் கலையைப் பேரனுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். போகும்போது ஒரு கட்டு பீடி கேட்டார். அப்போதுதான் கத்தரிக்காயின் உண்மை தெரிந்தது.

பாக்கெட்டுகளையும் காய்கறிகளையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டுமா?

வேண்டாம். 2020இல் நாங்கள் எல்லோரும் செய்தோம், நான் ரூபாய் நோட்டுகளை முறத்தில் பரப்பி மொட்டை மாடியில் காயவைத்தேன். காற்றடித்து ஒரு ஐம்பது ரூபாய் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக்மேல் மூன்று நாள்வரை கிருமி இருந்தது என்ற செய்திதான் அந்தப் பதற்றத்துக்குக் காரணம். பிறகு தெளிந்தது: இது முக்கியமாக மூச்சுக்காற்று வழியாகப் பரவுகிறது. தொட்ட பொருளிலிருந்து தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

காய்கறியைச் சோப்பில் கழுவினால் சோப்பு வயிற்றுக்குள் போகும். நல்ல தண்ணீரில் அலசினால் போதும். வீடு வந்ததும் கையைக் கழுவுங்கள். கடைக்குள் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள், முகக்கவசத்தை மூக்குக்கு மேல் வையுங்கள். பில்லைக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தவரும் உண்டு. மை போய்விட்டதால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் ஒருவருக்குத் தொற்று. இப்போது யார் போவது?

யாரும் போகக் கூடாது, நலமாக இருக்கிறவரும்கூட. வார்டுக்கு வார்டு ஆர்.ஆர்.டி. என்ற விரைவு உதவிக் குழு இருந்தது. மெம்பர், ஆஷா பணியாளர், தன்னார்வலர்கள். லிஸ்டை எனக்கு அனுப்பினால் நான் கட்டிவைப்பேன், அவர்கள் எடுத்துவந்து வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள். தொற்றை மறைத்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. 2021 மே மாதம் பன்னிரண்டு நாள் கடையை அடைத்துவிட்டு நான் படுத்திருந்தது அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம்.

ஒரேயடியாக மூன்று மாதத்துக்கு வாங்கிவிட்டால்?

அரிசி மூட்டையில் வண்டு பிடிக்கும், ரவையில் புழு வரும், கடலைமாவு கசக்கும். சரக்கும் ஒருபோதும் முழுதாக நிற்கவில்லை. ஆந்திரத்து ஜெயா அரிசி லாரி முதல் வாரம் தாமதித்தது, பிறகு வந்துவிட்டது. நீங்கள் ஐம்பது கிலோ எடுத்தால் அன்று மாலை வருகிற ஐந்து வீட்டுக்கு இருக்காது, அவர்கள் மறுநாளும் வர வேண்டும். பயம் தீராவிட்டால் இருபது நாளுக்கு வாங்குங்கள். அரிசியில் காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வையுங்கள், ரவையை வறுத்து வையுங்கள்.

நிபா வந்து அடைத்தாலும் இதே கணக்கா?

கடைப் பயணத்துக்கு ஏறக்குறைய இதே கணக்கு. 2023இல் கோழிக்கோட்டுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் அத்தியாவசியக் கடைகள் காலை 7 முதல் மாலை 5 வரைதான். ஆனால் நிபா கோவிட்டைப் போல எளிதில் பரவுவதில்லை. நோயாளியின் மிக அருகில் இருப்பவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. வௌவால் கடித்த பழத்தையும் மரத்தடியில் விழுந்துகிடக்கும் பழத்தையும் எடுக்காதீர்கள். கடையில் வாங்கும் பழத்தைக் கழுவித் தோலுரித்துத் தின்னலாம்.

எல்லோரும் இப்படிக் குறைவாக வந்தால் உங்களுக்கு நட்டம் இல்லையா?

அரிசி பருப்பில் நட்டம் இல்லை, தினமும் வந்தாலும் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தாலும் அதே கிலோதான். அடிவாங்குவது வாசலில் தொங்குகிற சரக்கு: முறுக்குப் பாக்கெட், மிட்டாய், வறுத்த கடலை. லிஸ்டில் யாரும் கடலைமிட்டாய் எழுதுவதில்லை, கண்ணில் பட்டால்தான் கை நீளும். பூவன் பழத்தார் ஒன்று 2020 ஏப்ரலில் வாசலில் தொங்கி, மஞ்சளாகி, புள்ளி விழுந்து, உதிரத் தொடங்கியது. கடைசிச் சீப்புகளை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மூன்று நாள் பழப் பணியாரம். அதற்குப் பிறகு லிஸ்ட் அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும், பழம் வேண்டுமா என்று நானே ஒரு வரி பதில் எழுதத் தொடங்கினேன்.